ஈரக் கரண்டி

லூர்து,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். நேற்றுதான் போனில் பேசினோம், நீ நலமாகத்தான் இருக்கிறாய். தேன்மொழிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பாப்பாவுக்குப் பல் ஆடுகிறது, கதவுக்கு வார்னிஷ் அடிக்க வந்தவன் மூன்று நாளாக ஆளையே காணோம். எல்லாம் தெரியும். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் காகிதம். எழுதுவதும் கிழிப்பதுமாக நாலு நாள் போய்விட்டது. இதையும் கிழித்தால் அப்புறம் எனக்கு எழுதத் தெம்பு இருக்காது. அதனால் தப்போ சரியோ, இதையே கூரியரில் போட்டுவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் உங்கள் புது வீடு மந்திரிப்பு. சம்பந்தியம்மா அவர்கள் வழக்கப்படி பால் காய்ச்சுவார்கள், ஃபாதர் நம் வழக்கப்படி தீர்த்தம் தெளிப்பார், இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். கடலூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு உன் மாமாவும் வருவான். என் தம்பி வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாடா, எங்க நம்ம ஈரக்கரண்டி?" என்று கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். தன்னைத்தான் கேட்கிறான் என்று தெரிந்தும் தேன்மொழியும் சேர்ந்து சிரிப்பாள். ஆறு வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் இதுதான் நடக்கிறது. அந்தப் பெயர் உங்கள் புது வீட்டு வாசல்படியைத் தாண்டக் கூடாது. அதை உண்டாக்கியவள் நான். எடுக்க வேண்டியவளும் நான்தான்.

முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. நான் ரிட்டயர் ஆன வருஷம் நீ காய்கறி காயவைக்கிற அந்தக் கரண்டுப் பெட்டியை ஆர்டர் போட்டு அனுப்பினாய். உள்ளே ஐந்து தட்டு, பின்னால் ஒரு விசிறி, முன்னால் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. உன் அப்பா அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "லூர்துக்குத் தம்பி பொறந்துட்டான்டி" என்றார். அதுவரைக்கும் வத்தல் போட மாடிதான். நம் ஊர்க் காற்றைத்தான் உனக்குத் தெரியுமே. மத்தியானம் மொறுமொறு என்று இருக்கும் கொத்தவரங்காய், கடற்காற்று அடித்தால் சாயங்காலத்துக்குள் நமுத்துப் போய்விடும். காக்காய் வேறு. பெட்டி வந்த பிறகு மழைக்காலம் வெயில்காலம் இல்லாமல் போயிற்று. காடாம்புலியூரிலிருந்து வாங்கி வந்த பலாச்சுளையைக் கீறிப் போட்டேன். இறாலை அவித்துப் போட்டேன். மெல்ல மெல்லத் துணிச்சல் வந்து, வடித்த சோறு, வேகவைத்த பருப்பு, வைத்த சாம்பார் என்று ஆக்கிய சாப்பாட்டையே காயவைத்தேன். சனிக்கிழமை ஒரு பானை வைப்பது, தட்டில் மெல்லிசாகப் பரப்புவது, காய்ந்ததும் உதிர்த்து பாட்டிலில் போடுவது. வாரம் பூராவும் வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வைத்தால் சாம்பார். முழங்கால் வலிக்கும் கிழவிக்கும் சர்க்கரைக்காரக் கிழவருக்கும் வேறென்ன வேண்டும்?

இதில் கஷ்டமான வித்தை ஒன்றும் இல்லை. பொறுமைதான் வேண்டும். தேங்காய் போட்டதும் எண்ணெய் மிதப்பதும் காறிப் போகும், அதனால் அதெல்லாம் சாப்பிடும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும். காய்த் துண்டு சின்னதாக இருக்க வேண்டும். சூட்டைக் கூட்டவே கூடாது. கூட்டினால் மேல் தோல் இறுகிப்போய், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். கையில் எடுத்துப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும், பிட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். நன்றாக ஆறிய பிறகுதான் பாட்டிலில் போட வேண்டும். போட்டும் உடனே நம்பிவிடக் கூடாது. ஒரு வாரம் கண் முன்னால் வைத்து, தினம் ஒரு தடவை குலுக்கி, மூடிக்கு உள்பக்கம் வியர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். வியர்த்தால் மறுபடி பெட்டிக்குள். இதையெல்லாம் நான் பங்குப் பெண்கள் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். சமைத்ததை முதலில் நான் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் போடுவேன். காய்ச்சலோடு போன நாளிலும் வாய் கசக்கக் கசக்கத் தின்று பார்த்திருக்கிறேன். ஊரார் பெற்ற பிள்ளைகளுக்கு அவ்வளவு பார்த்த நான், என் வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்ணுக்குப் பார்க்கவில்லை.

அப்போது நீங்கள் புனேயில் இருந்தீர்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு நான் எத்தனை மாசம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். வேறு சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண், சிதம்பரத்துக்காரி, படித்தவள், என் எதிரில் தலை நிமிர்ந்து பேசுகிறவள். இத்தனையும் எனக்கு ஆகாமல் இருந்தது. வெளியே சொல்ல முடியாததைச் சாப்பாட்டில் காட்டினேன். உனக்குப் பிடித்த கத்தரிக்காய் சாம்பாரை இங்கேயிருந்து காயவைத்து அனுப்பினால், அங்கே அவள் சமையல் உனக்குத் தேவைப்படாது, பார். அந்தக் கணக்கு என் மனசில் இருந்தது. இப்போது சொன்னால் அசிங்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மழைக்காலத்தில் நீ மட்டும் நாலு நாள் லீவில் வந்தாய். கிளம்புகிற அன்று காலையில் பெட்டியில் சாம்பார் காய்ந்துகொண்டிருந்தது. முதல் நாளே முடிந்திருக்க வேண்டியது, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததில் அரைகுறையாக நின்றுவிட்டது. உனக்கு மத்தியானம் ரயில். நான் என்ன செய்தேன் தெரியுமா? திருகைக் கடைசிவரை திருகிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் கரகரவென்று ஆகிவிட்டது. உன் அப்பா ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்துப் பிட்டுப் பார்த்தார். "உள்ள இன்னும் ஈரமா இருக்குதுடி. இந்த தடவ வுடு. அடுத்த தடவ குடுத்து அனுப்பலாம்" என்றார். "உங்களுக்கு இன்னா தெரியும், போய் ஆட்டோ வந்துச்சா பாருங்க" என்று அவரை விரட்டினேன். மூன்று பாட்டில், சுடச்சுட நிரப்பி, மூடியை இறுக்கி, உன் கையில் கொடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா லூர்து? பாட்டிலைப் பையில் வைக்கும்போது நீ கேட்டாய், "இன்னும் சூடா இருக்கேம்மா?" என்று. "அம்மா கை பட்டதுடா, சூடாத்தான் இருக்கும், கெளம்பு" என்றேன். நீயும் சிரித்துக்கொண்டே கிளம்பினாய்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். தேன்மொழிக்குக் கல்லூரி வேலைக்கான பரீட்சை. இரண்டு வருஷமாக அதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு முதல் நாள் சமைக்க நேரமில்லாமல், ஒரு பாட்டிலைத் திறந்து, வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டாள். அன்று நீ வேலைக்குப் போன இடத்திலேயே சாப்பிட்டுவிட்டாய். அவள் மட்டும்தான் சாப்பிட்டாள். பொழுது சாயும் முன்னால் வாந்தி, பேதி. மறுநாள் மற்றவர்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் கையில் டிரிப்ஸ் ஊசியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டாய். "சாம்பார் கெட்டுப் போயிருக்கும்மா, ஏம்மா?" என்றாய்.

எனக்குக் காரணம் அந்த நொடியே தெரியும். கேள்வி முடிவதற்குள் தெரியும். திருகும் தெரிந்தது, சூடான பாட்டிலும் தெரிந்தது, உன் அப்பா பிட்டுக் காட்டிய துண்டும் கண்ணில் நின்றது. ஆனால் என் வாயில் வந்தது வேறு. "ஈரக் கரண்டிய வுட்டுருப்பா. ஒரு சொட்டுத் தண்ணி போதும்டா, எல்லாம் போயிடும். அவுங்க வூட்ல இதெல்லாம் பழக்கம் இருக்காது" என்றேன். நீ, "ஓ, சரிம்மா" என்றாய். அவ்வளவுதான். ஒரு பெண்ணின் தலையில் பழியைக் கட்ட எனக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

அதை நான் அதோடு விட்டேனா என்றால், அதுவும் இல்லை. உன் மாமாவிடம் சொன்னேன். அவன் அதை ஜோக்காக்கினான். பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது, "வாம்மா ஈரக்கரண்டி" என்று கூப்பிட்டான். மஞ்சக்குப்பத்து அக்கா வீட்டில் பிடித்துக்கொண்டார்கள், சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டன. ஒரு தடவை நீயே, விளையாட்டுக்குத்தான், எல்லோர் எதிரிலும் அவளை அப்படிக் கூப்பிட்டாய். அவள் முகத்தை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். அந்தப் பரீட்சையை அவள் மறுபடி எழுதவே இல்லை. அடுத்த வருஷம் பாப்பா வந்தாள், அப்புறம் டியூஷன், அப்புறம் வீடு கட்டும் அலைச்சல். பாப்பாவால் எழுதவில்லை என்று நீ சொல்வாய். இருக்கலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

உன் அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே, "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லிடேன்டி" என்றார். நான் எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த விஷயம் தெரிந்த மனுஷர் அவர் ஒருத்தர்தான், அவரும் போய்விட்டார், இனி யாருக்கும் தெரியாது என்று ஒரு நாள் எனக்குள் நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. வந்தும் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாசி மாதம் எனக்கு வந்த காய்ச்சல்தான் எல்லாவற்றையும் கிளறியது. காய்ச்சல் போய்விட்டது, கூடவே மோப்பமும் போய்விட்டது. காப்பி வாசம் இல்லை, மீன் வாசம் இல்லை, கேஸ் கசிந்தால்கூட எனக்குத் தெரியாது. டாக்டர், "வயசாச்சு, திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம்" என்றார். தேன்மொழி பாப்பாவை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டுச் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து பத்து நாள் என்னோடு இருந்தாள். நான் வரச் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை என்று அப்புறம் தெரிந்தது. அவளாக வந்தாள். கஞ்சி வைத்தாள், முதுகில் தைலம் தேய்த்தாள், ஜாஸ்தி பேசவில்லை. நானும் ஜாஸ்தி பேசவில்லை.

ஒரு நாள் காலையில் அலமாரிப் பாட்டில்களை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலுக்கு முன்னால் நான் காயவைத்து மூடிய பாட்டில் ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அத்த, இது போச்சு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்தது. "யாராவது ஈரக்..." என்று ஆரம்பித்துவிட்டேன். பாதியில் நிறுத்தினேன். அந்தப் பாட்டிலை என்னைத் தவிர ஒருத்தரும் தொட்டதில்லை. மூடியில் நான் ஒட்டிய டேப்பைக்கூட இப்போதுதான் அவள் பிரித்திருந்தாள். அது அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் டேப்பை உருட்டிக் கீழே போட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அப்பவும் இப்படித்தான் அத்த. மூணு பாட்டில்ல ரெண்டு பாட்டில நான் தொறக்கவே இல்ல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து எடுத்துப் பாத்தேன். மூடி தொறக்காமலே உள்ள பூசணம் பூத்திருந்துச்சு. அவுரு பாக்கறதுக்கு முன்னாடி கொண்டுபோய்க் கொட்டிட்டேன்."

"அடிப் பாவி, ஆறு வருசமா உனக்குத் தெரியுமா? ஏன்டி அவன்கிட்ட சொல்லல?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். தப்பு என்னுடையது, கோபமும் என்னுடையது, பார்.

அவள் பாட்டிலைத் துடைத்தபடியே, "சொன்னா அவுரு உங்கள நம்புவாரா என்ன நம்புவாரான்னு எனக்குத் தெரியல அத்த. எனக்கு அப்படிக் கெடக்கும்போதுகூட உங்களுக்குத்தான போன் போட்டாரு, ஏன் கெட்டுச்சுன்னு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அப்பறம் சொல்லி, அவுரு நம்பலன்னா? அதத் தெரிஞ்சிக்க பயமா இருந்துச்சு. தெரியாமலே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, எனக்கு ரசம் வைக்கப் பருப்புப் பொடி பாட்டிலை எடுத்தாள். கரண்டியை முந்தானையில் துடைத்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, கரண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெருப்பில் காட்டினாள். ஆற விட்டாள். அப்புறம்தான் பாட்டிலுக்குள் விட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எதுக்குடி நெருப்புல எல்லாம் காட்டுற?" என்று கேட்டேன். "பழகிடுச்சு அத்த. எங்க வூட்லயும் இப்படித்தான்" என்றாள். தன் மேல் தப்பு இல்லை என்று தெரிந்தே, யாரும் பார்க்காத தன் வீட்டு அடுப்படியில், ஆறு வருஷமாக அவள் கரண்டியை நெருப்பில் காட்டிக்கொண்டிருக்கிறாள். நீ என்றைக்காவது பார்த்திருக்கிறாயா?

அன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். "என்ன மன்னிச்சுக்கோடி" என்று சொல்லும்போது ரசம் பொங்கிவிட்டது. அவள் அடுப்பைக் குறைக்க ஓடினாள். காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை. மறுபடி சொல்லத் தைரியம் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னேன். ஃபாதர் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தேன். பாரம் குறையவில்லை. ஊருக்கு முன்னால் போட்ட பழியை மூலையில் முழங்கால் போட்டு எடுக்க முடியாது என்று எனக்கே தெரிகிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை, ஃபாதர் ஜெபம் முடித்து, பந்தி போடுவதற்கு முன்னால், எல்லோர் எதிரிலும் நானே சொல்லப் போகிறேன். திருகைத் திருகியது, சூட்டோடு மூடியது, பொய் சொன்னது, எல்லாம். உன் மாமா, "நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் என்னாத்துக்கு அக்கா" என்பான். நல்ல நாளில்தான் சொல்ல வேண்டும், அன்றைக்குத்தான் எல்லோரும் இருப்பார்கள். சம்பந்தியம்மா என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. பார்க்கட்டும். நீ தடுக்காதே. உனக்கு முன்கூட்டியே எழுதுவது அனுமதி கேட்க அல்ல. உன் பங்கு ஒன்று இதில் இருக்கிறது, அதை எண்பது பேர் நடுவில் சொல்லிக்காட்ட எனக்கு மனசு வரவில்லை. சூடாக இருந்த பாட்டில் உன் கையிலும் இருந்தது லூர்து. நீ கேட்டாய், நான் சமாளித்தேன், நீ நம்பினாய். அம்மாவை நம்புவது தப்பில்லை. பக்கத்தில் கட்டிலில் கிடந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம்பியதுதான் தப்பு.

அந்தப் பரீட்சையை இன்னும் எழுத முடியுமா என்று அவளிடம் கேள். எழுத வேண்டும் என்று அவள் சொன்னால், பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, ஓட முடியாது, ஆனால் உட்கார்ந்த இடத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியும். வேண்டாம் என்று சொன்னால், விடு. நீயும் நானும் சேர்ந்து அவளைப் பரீட்சை எழுத வைத்து நம் மனசை ஆற்றிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. உடம்பும் அலுத்துவிட்டது, இந்த ஒன்றைச் சுமந்தும் அலுத்துவிட்டது. பெட்டியை இனி நான் வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை. மூக்கு இல்லாதவள் மற்றவர்கள் வாய்க்கு எதையும் காயவைக்கக் கூடாது. ஐந்து தட்டையும் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், வேனில் கொண்டு வருகிறேன். உங்கள் அடுப்படியில் அவள் சொல்கிற இடத்தில் வை. வேண்டாம் என்றால் பரணில் போடு, யாருக்காவது கொடு, அவள் இஷ்டம். அவள் காயவைத்தால், பாட்டில் பாட்டிலாக அலமாரியில் அடுக்கினால், ஒரே ஒன்று மட்டும் நீ எனக்காகச் செய். என்றைக்காவது ஒரு நாள் அவள் மூடியைத் திறந்து பார்த்து, இது போச்சு என்று சொன்னால், போச்சு. வாங்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வா. எனக்குப் போன் போட்டுக் கேட்காதே.

அம்மா